கடைசி வசனம்: வரேன்மா

இருபத்தாறு வாரம் ஓடும் என்று சொல்லித்தான் அந்த நகைச்சுவைத் தொடரை எழுத, அக்கா தங்கை இருவரில் பெரியவளைக் கூப்பிட்டார்கள். பதினோராவது வாரம் ஒளிபரப்பான கையோடு, திங்கட்கிழமை காலை சேனல் ஆபீஸின் நான்காவது மாடிக்கு வரச்சொல்லி, "பதிமூணோட முடிச்சுக்கலாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். துக்கம் சொல்ல வருகிறவன்கூட முதலில் நம்மை உட்காரச் சொல்லி, ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். இங்கே பெரியவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சொன்னவர் நிகழ்ச்சிப் பிரிவின் தலைவர். அந்தக் கட்டடத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்கும் தெரியும், தெரிந்து கொஞ்சம் பெருமையும் உண்டு என்று கேள்வி. நாம் மரியாதையாகக் கத்திரியார் என்றே வைத்துக்கொள்வோம். எந்த வசனப் பிரதி வந்தாலும் அதன்மேல் ஓர் அடிக்கோலை வைத்து, வரி வரியாக நகர்த்திக்கொண்டே வந்து, பச்சை மையில் டிக் போடுவார். பிடிக்காத வரியை அடித்துவிட்டு மேலே தன் கையாலேயே வேறு வரி எழுதுவார். பச்சை மையில் எழுதியதில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது என்பது அங்கே சட்டம். தும்மல் வந்தால்கூட, பிரதியில் தும்மல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நடிகர்கள் தும்முவார்கள்.

தொடரின் பெயர் 'பெட்டியும் நானும்'. கல்யாணம் முறிந்துபோன முப்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, ஒரே ஒரு பெட்டியோடு வெளிநாட்டுக்குப் போய், ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தெரியாத பாஷையை அரைகுறையாகப் பேசி, தனியாக ஓர் அறை எடுத்துப் பிழைக்கிற கதை. முப்பத்தாறு வயதானாலும் அவள் அம்மாவுக்கு அவள் பாப்பாதான். ஆகவே பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் பாப்பாதான். அது எந்த நாடு என்பது மட்டும் கடைசிவரை சொல்லப்படவில்லை. அதுவும் கத்திரியாரின் உத்தரவு. "நாட்டுப் பேரைச் சொன்னா தெருவுக்கு போர்டு வைக்கணும். போர்டு வச்சா அதுல எழுத்துப்பிழை வரும். எதுக்கு வம்பு?" என்றார்.

பனி வேண்டுமென்றால் தெர்மாகோல். படப்பிடிப்பு ஷெட்டின் கூரைச் சாரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து சீவிச் சீவிப் போட, கீழே ஒரு பெரிய மின்விசிறி அதை வாரி இறைக்கும். மூன்றாவது வாரத்தில், "எனக்கு இங்க யாருமே இல்ல" என்று பாப்பா உருகிக்கொண்டிருக்கையில் ஒரு துண்டு நேராக அவள் வாய்க்குள் போனது. பாப்பாவாக நடித்தவள் லேசுப்பட்டவள் இல்லை. அதைத் துப்பிவிட்டு, "பனிகூட வாய்க்குள்ள வந்து விசாரிக்குது, மனுஷங்கதான் கிட்ட வரமாட்டேங்கிறாங்க" என்று சேர்த்துச் சொன்னாள். கேமராக்காரர் சிரித்த சிரிப்பில் படமே ஆடியது. அந்த ஆட்டத்தோடுதான் ஒளிபரப்பானது. கத்திரியார் கண்ணில் அது எப்படித் தப்பியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நான்காவது வாரம் முழுக்க ஒரே ஒரு கட்டில் விரிப்பு. இரட்டைக் கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. தனியாக இருக்கிறவள் என்ன செய்வாள்? இரண்டு முனையைக் கதவிடுக்கில் கொடுத்துக் கதவைச் சாத்தி, மறுமுனைகளைப் பிடித்து இழுத்தால், பக்கத்து அறைக்காரன் வந்து கதவைத் திறக்கிறான். பாப்பா மல்லாந்து விழுகிறாள். அரைமணி நேரம் அதை வைத்தே ஓட்டினாள் பெரியவள். சேனல் வாசலில் காவல் இருப்பவர்கூட மறுநாள் அவளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

இதெல்லாம் பெரியவளின் மூளையில் உதித்தது என்று சேனல் நம்பிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி அவளுடைய தங்கை போனில் சொன்னது. கதவிடுக்கில் விரிப்பை மடித்தவள் சின்னவள்தான், மல்லாந்து விழுந்தவளும் அவளேதான். ஒன்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சலவை வேலைக்கு வெளிநாடு போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் புருஷன் குடிக்கவில்லை, அடிக்கவில்லை. அந்த ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட, "நீ சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. "குடிக்கல, அடிக்கல, அப்புறம் என்னடி குறை?" என்று கேட்டவள் அம்மா. கேள்வி கேட்டது ஒரு தடவையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாராவாரம் கேட்டாள்.

அம்மா பெரியவளோடுதான் இருந்தாள். சனிக்கிழமை ஏழரை மணிக்குத் தொலைக்காட்சிக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தொடரை ஒரு வாரம் விடாமல் பார்த்தாள். தொடரில் பாப்பாவின் அம்மா முகம் காட்டுவதில்லை, போனில் குரல் மட்டும்தான். அந்தக் குரல் பேசுவது அத்தனையும் தான் பேசியது என்று அம்மாவுக்கு உறைக்கவே இல்லை. "யாருடி இந்த அம்மாக்காரி? வாயைத் திறந்தா புலம்பல். எப்ப வர்ற, எப்ப வர்றன்னு பொண்ணு உசிரை வாங்குறா" என்று அலுத்துக்கொள்வாள். தொடர் முடிந்து சின்னவள் போன் செய்ததும், அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி, "எப்ப வர்ற?" என்று ஆரம்பிப்பாள்.

கத்திரியார் தொடரை மூடிய அதே திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் சின்னவள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டிருந்தாள். சலவைக்கூடத்தில் அவளை மேற்பார்வைக்கு உயர்த்துகிறார்கள். இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம். இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

"போட வேண்டியதுதானே? அதுல என்ன யோசனை?"

"அம்மாகிட்ட சொன்னேன்க்கா. 'அந்தத் தொடர்ல பாப்பா கடைசியில வீட்டுக்கு வர்றாளா இல்லையான்னு பாக்கிறேன், அப்புறம் சொல்றேன்'னு சொல்லிட்டாங்க."

"தொடரைப் பார்த்தா உன் வாழ்க்கையை முடிவு பண்ணுவாங்க?"

"சிரிக்காதக்கா. எனக்கு இங்க எல்லாம் பழகிடுச்சு. வேலை பழகிடுச்சு, குளிர் பழகிடுச்சு. அம்மா மனசார ஒரு வார்த்தை சொல்லாம கையெழுத்து போட மட்டும் கை வரமாட்டேங்குது. முப்பத்தாறு வயசு கழுதை, என்ன செய்ய, வரமாட்டேங்குது. நீ பாப்பாவைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடாதக்கா. நீயே கூட்டிட்டு வந்துட்டா, நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு இங்கயே இருக்கேன்னு சொல்றது?"

"அவ வரமாட்டா. நான் இருக்கிற வரைக்கும் வரமாட்டா" என்று பெரியவள் வாக்குக் கொடுத்தாள். அப்போது அவள் கையில் இன்னும் பதினைந்து வாரம் இருந்தது.

இப்போது இரண்டு வாரம். அதில் பன்னிரண்டாவது ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான்.

"பதிமூணுல எப்படி சார் முடிக்கிறது?" என்று கேட்டாள்.

"எப்படின்னா? பொண்ணு வீட்டுக்கு வருது. சுபம்." கத்திரியார் மேசையில் இருந்த தாள் கட்டைத் தட்டினார். "பாக்கிறவங்க போன் பண்ணி இது ஒண்ணைத்தான் கேக்கிறாங்க. அந்தப் பொண்ணு எப்ப வீட்டுக்கு வரும், எப்ப வீட்டுக்கு வரும்னு."

"அது அவங்க அம்மா கேக்கிற கேள்வி சார். பாக்கிறவங்க அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

"சிரிச்சாங்கன்னா ஏன் மூடுறோம்?"

பெரியவள் விடவில்லை. அந்தப் பெண் பட்ட பாடெல்லாம் திரும்பி வருவதற்கா என்றாள். பன்னிரண்டு வாரம் ஒருத்தியைக் காலூன்ற வைத்துவிட்டுப் பதின்மூன்றாவது வாரம் காலை வாரிவிடுவது நியாயமா என்றாள். வேண்டுமானால் முடிவைச் சொல்லாமலே விடலாம் என்று ஒருபடி இறங்கியும் பார்த்தாள். கத்திரியார் அசையவில்லை. கல்லோடு பேசியிருந்தால் கல்லுக்காவது காது வலித்திருக்கும்.

"ரைட்டரம்மா, உங்களுக்கு வேலையை நானே சுலபமாக்கிக் கொடுக்கிறேன். ஏர்போர்ட்டுக்கெல்லாம் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை செட்டைப் பிரிக்கிறாங்க, போலீஸ் ஸ்டேஷன் போடப்போறாங்க. அதே ரூம்லயே முடிச்சிடுங்க. போன் வருது. அம்மா வந்துடுன்னு சொல்றாங்க. பொண்ணு ஒரு வார்த்தை சொல்லுது." ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் பச்சை மையில் எழுதினார்.

கடைசி வசனம். பாப்பா: வரேன்மா.

அதன் கீழே ஒரு கோடு போட்டார். கோட்டின் கீழ் 'சுபம்' என்று எழுதினார். "இதுக்கு அப்புறம் ஒரு எழுத்து வரக்கூடாது. இதுலயும் ஒரு எழுத்து மாறக்கூடாது. புரியுதுல்ல?"

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். ஆறாவது மாடியில் அவருக்கு வேறொரு கூட்டம், வேறு யாரையோ வெட்ட வேண்டியிருந்தது. கதவுப் பிடியில் கையை வைத்தபடி, மனுஷன் என்ன இருந்தாலும் மரியாதை தெரிந்தவர், திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

"சரி ரைட்டரம்மா, அப்ப நான் வரேன்."

போய்விட்டார். செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து, லிஃப்ட் கதவு திறந்து மூடியது. பெரியவள் பச்சை மைத் தாளைப் பார்த்தாள். மூடிய கதவைப் பார்த்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள். வரேன் என்று வாயால் சொல்லிவிட்டு அந்த மனுஷன் இந்நேரம் ஆறாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

நம்மில் யார்தான் போறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறோம்? அப்படிச் சொன்னால் பெற்றவள் வாயிலேயே போடுவாள். பக்கத்துக் கடைக்குப் போகிறவனும் வரேன் என்கிறான், மூன்று கடல் தாண்டிப் போகிறவளும் வரேன் என்கிறாள். இத்தனை வருஷம் வசனம் எழுதிச் சாப்பிடுகிறவளுக்கு அந்தச் சொல் இரண்டு பக்கமும் திறக்கிற கதவு என்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பெரியவள் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். ஒரு எழுத்தை மாற்றக்கூடாது என்றார் அல்லவா? மாற்றப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து, அலமாரி மேலிருந்த விசிறியைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்துவிட்டாள். வசனப் பிரதிக்கு ஒரு முறை உண்டு. தாளின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு. இடது பக்கம் காட்சி: யார் எழுந்தார்கள், எதை எடுத்தார்கள், எங்கே போனார்கள். வலது பக்கம் வசனம். கத்திரியாரின் அடிக்கோல் வலது பக்கத்தில்தான் ஏறி இறங்கும். இடது பக்கத்தை அவர் படித்ததாகச் சரித்திரம் இல்லை. "அது டைரக்டர் தலைவலி" என்பார்.

ஆகவே இடது பக்கத்தில் பெரியவள் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதினாள். காலை. பாப்பா தன் சீருடையை இஸ்திரி போடுகிறாள். சட்டைப் பையின் மேல் 'மேற்பார்வை' என்று புது வில்லை. போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிறது. காலுறையில் ஒன்றைக் காணாமல் தேடுகிறாள். கட்டிலுக்கு அடியில் கிடைக்கிறது. ஷூ நாடாவைக் கட்டுகிறாள். சாவியை எடுக்கிறாள். வேலைக்குக் கிளம்புகிறாள். வலது பக்கத்தில் அம்மாவின் குரல், வீடு வெறிச்சென்று இருக்கிறது, உடம்பு முன்மாதிரி இல்லை, நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், வந்துவிடு என்றெல்லாம் ஒரு பாட்டம் புலம்பித் தீர்க்கிறது. பாப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறாள். எதையும் மறுக்கவில்லை. கடைசியில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வசனம்.

புதன்கிழமை பிரதி கத்திரியாரிடம் போனது. பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தது. வலது பக்கம் முழுக்க டிக். கடைசி வசனத்துக்கு மட்டும் இரண்டு டிக்.

வியாழக்கிழமை ஷெட்டில் ஒரே அமர்க்களம். செட்டைப் பிரிக்க வந்த தச்சர்கள் நால்வர், ஒருநாள் முன்னதாகவே வந்து சுத்தியலோடு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பாப்பாவின் அறையில் ஜன்னல் பக்கச் சுவரை மத்தியானமே கழற்றிவிட்டார்கள். அதனால் கேமராவைக் கதவுப் பக்கமே வைத்து எடுக்க வேண்டியதாயிற்று. டைரக்டர் நல்ல மனிதர், ஆனால் கண்ணீர் இல்லாத காட்சியை உப்பில்லாத பண்டமாகப் பார்க்கிறவர்.

முதல் தடவை எடுத்தார்கள். பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்தது. குரல் உடைந்து, "வரேன்மா" என்றாள். ஷெட்டே உச்சுக் கொட்டியது. தச்சர்களில் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைரக்டர் கைதட்டினார்.

பெரியவள் எழுந்துவிட்டாள். அது வீட்டுக்கு வருகிற வரேன். அதைக் கேட்டால் எந்த அம்மாவும் உடனே பாயைத் தட்டிப் போட்டு வைப்பாள்.

"இன்னொண்ணு எடுக்கணும்" என்றாள்.

"எதுக்கும்மா? பிரமாதமா வந்திருக்கு. எனக்கே தொண்டையை அடைக்குது" என்றார் டைரக்டர்.

"அழ வேண்டாம். இடது பக்கத்துல அழுகைன்னு எங்கயாவது எழுதியிருக்கேனா, பாருங்க."

டைரக்டர் பிரதியைப் புரட்டினார். எழுதவில்லைதான். நடிகை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெரியவளிடம் வந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"ரைட்டரம்மா, ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இது எந்த வரேன்?"

பெரியவளுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "வாசல்ல நின்னு செருப்பு மாட்டிக்கிட்டே உள்ள பார்த்துச் சொல்றோமே, அந்த வரேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடியும். காய் வாங்கணும், துணி துவைக்கணும். நாளைக்கும் இதே வேலை, அடுத்த வருஷமும் இதே வேலை. அந்த வரேன்."

நடிகை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப அவ ஊருக்குப் போகப்போறதில்ல."

"போகப்போறதில்ல."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா கிளிசரின் போட்டிருக்கவே மாட்டேனே" என்று முகத்தைக் கழுவப் போனாள்.

இரண்டாம் தடவையில் சாவி கீழே விழுந்தது. மூன்றாவதில் தச்சர் தும்மினார். நான்காவதில் அழுகை ஒட்டிக்கொண்டே இருந்தது. ஐந்தாவதில் பாப்பா அதிகமாகச் சிரித்துவிட்டாள், அம்மாவைப் பழிப்பது போல் ஆகிவிட்டது. டைரக்டர் மணியைப் பார்த்தார். தச்சர்கள் எழுந்து நின்றேவிட்டார்கள். "இன்னும் ஒண்ணு" என்றாள் பெரியவள். ஒவ்வொரு தடவையும் அதே குரலில், மன்னிப்பும் கேட்காமல், கோபமும் படாமல், "இன்னும் ஒண்ணு" என்றாள். ஏழாவது தடவையில் வந்தது. பாப்பா கதவைத் திறந்தாள், வெளியே தெர்மாகோல் பனி இறங்கியது, ஒரு காலை வாசலில் வைத்தாள், பின்பக்கம் பாராமலே, ஆயிரம் தடவை சொல்லிப் பழகியவள் போல், "வரேன்மா" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. வெறும் அறை. சுத்தியல் விழ ஆரம்பித்தது.

அடுத்த புதன்கிழமை கத்திரியார் முடிந்த படத்தைப் பார்த்தார். பெரியவளையும் கூப்பிட்டிருந்தார்கள். பிரதி மடியில், அடிக்கோல் கையில். வசனம் ஒவ்வொன்றாக வர வர, அடிக்கோலால் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் தட்டினார். பிறகுதான் நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

"இவ எங்க போறா?"

"வேலைக்குப் போறா சார்."

"வரேன்னு சொன்னாளே?"

"சொன்னா சார். நீங்க எழுதிக் கொடுத்தபடியே." மடித்து வைத்திருந்த பச்சை மைத் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தாள். "ஒரு எழுத்து கூட்டல, ஒரு எழுத்து குறைக்கல. மத்ததெல்லாம் இடது பக்கத்துல இருக்கு."

கத்திரியார் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஓர் இடது பக்கத்தைப் படித்தார். படித்து முடிக்க நேரம் பிடித்தது. கடைசிக் காட்சியை மறுபடி ஓடவிடச் சொன்னார். இன்னொரு தடவையும் ஓடவிடச் சொன்னார். ஷெட்டில் இந்நேரம் லாக்கப் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்ப எடுக்க அறையும் இல்லை, பனியும் இல்லை.

"வேணும்னே பண்ணியிருக்கீங்க."

"ஆமா சார்."

அவள் மழுப்புவாள் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. அடிக்கோலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டார். "பாக்கிறவங்க வீட்டுக்கு வரேன்னு சொல்றான்னுதான் எடுத்துப்பாங்க. அம்மா வந்துடுங்கிறாங்க, பொண்ணு வரேங்கிறா. நம்ம ஜனத்துக்கு அதுதான் காதுல விழும். சுபம் போட்டு விடுங்க."

பெரியவள் ஜெயித்துவிட்டு வெளியே வந்தாள், ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு முள்ளாக உள்ளே இறங்கிவிட்டது. அவர் சொன்னதில் என்ன தப்பு? ஊரில் யாருக்கு எப்படிக் காதில் விழுந்தால் என்ன, ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் காதில் சரியாக விழ வேண்டுமே. வந்துவிடு, வந்துவிடு என்று இரண்டு வருஷமாக வேறு எதையுமே சொல்லாதவள் காதில். இரண்டு பக்கமும் திறக்கிற கதவை வைத்தவள் இவள்தான். எந்தப் பக்கம் திறப்பது என்பது இனி இவள் கையில் இல்லை.

சனிக்கிழமை ஏழரை. அம்மா நாற்காலியை வழக்கத்தைவிட ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சின்னவளும் அங்கே மத்தியான நேரத்தில் போனில் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரியவள் உட்காரவில்லை. சமையலறை நிலையில் சாய்ந்து, படத்தைப் பார்க்காமல் அம்மாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொண்டையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. காலுறை தேடும் இடத்தில் அது லேசாகக் குலுங்கியது, சிரித்திருப்பாள். பாப்பாவின் அம்மா குரல் புலம்பத் தொடங்கியதும் அசைவு நின்றது. வந்துடு பாப்பா, என்றது குரல். ஷூ நாடா. சாவி. கதவு. வரேன்மா. வெறும் அறை. சுபம்.

விளம்பரம் ஓட ஆரம்பித்தது. அம்மா திரும்பவில்லை.

"ஏண்டி" என்றாள் அம்மா, திரும்பாமலே. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. முடிஞ்சிடுச்சு."

"அந்த அம்மாக்காரி ஏன் பேசாம இருக்கா?"

"என்னம்மா?"

"பொண்ணு வேலைக்குக் கிளம்பி வாசல்ல நின்னு வரேன்மாங்கிறா. அத்தனை நேரம் புலம்பினாளே, அப்ப வாயில என்ன பூட்டு? போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா?" இப்போது திரும்பிவிட்டாள். நிஜமான கோபம், முகமெல்லாம் சிவந்திருந்தது. "நீதானே எழுதினே? அறிவு வேண்டாமா உனக்கு?"

"அதுக்கு மேல ஒரு எழுத்து எழுதக்கூடாதுன்னு உத்தரவும்மா."

"எந்தக் கட்டையில போறவன் போட்டான் அந்த உத்தரவை? வாசல் தாண்டிப் போற பொண்ணுக்குப் பதில் சொல்லாம விட்டா, அது அந்த நாள் பூரா எப்படி வேலை பாக்கும்? போனை எடு."

"யாருக்கு?"

"யாருக்கா? சின்னிக்குப் போட்டுக் கொடுடி."

இரண்டு வருஷத்தில் அம்மாவாக அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தது கிடையாது. வந்த போனுக்குப் பதில் பேசியதோடு சரி. பெரியவள் எண்ணைத் தொட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு, அம்மாவின் கையில் கொடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள் சின்னவள்.

"சின்னி, அன்னைக்கு நீ பெட்டியோட வாசல்ல நின்னே. வரேன்மான்னு சொன்னே." அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "என் காதுல விழுந்துது. விழாத மாதிரி உள்ள போயிட்டேன். தப்புடி. அது பெரிய தப்பு. இப்பச் சொல்றேன், போயிட்டு வா."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல், "எங்கம்மா போறது? எனக்கு இன்னைக்கு லீவு" என்றது.

"திங்கக்கிழமை கையெழுத்துப் போடப் போவேல்ல, அதுக்குச் சொல்றேன். போயிட்டு வா. மூணு வருஷமோ முப்பது வருஷமோ, தினமும் கிளம்பும்போது ஒரு போன் போட்டு வரேன்மான்னு சொல்லு. நான் பதில் சொல்றேன்."

சின்னவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பக்கத்தில் நின்ற பெரியவளுக்குப் புரியவில்லை. அவளுக்குமே கண் மறைத்தது. அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், "முதல்ல மூக்கைச் சிந்துடி" என்றாள்.